கணக்கு நோட்டு யார் கையில்?

எங்க ஊர் பிள்ளைப்பாக்கம். ஊர் என்று எழுதும்போதே கை நிற்கிறது. ஊர் அவங்களுக்கு. எங்களுக்குக் காலனி. ஏரிக்கரைக்குக் கீழே, தண்ணீர் முதலில் வந்து கடைசியில் வடிகிற பள்ளத்தில் இருக்கிறது எங்க தெரு.

2024 ஜூலையில் ஒரு நாள் ராத்திரி, என் அக்கா மகள் பாத்திரமெல்லாம் கழுவிப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை ஈரம்கூடக் காயவில்லை. "சித்தி, நான் எம்.பி.ஏ. படிக்கலாம்னு இருக்கேன். ஐ.ஐ.எம். மாதிரி எடத்துல. எனக்கு எவ்ளோ சான்ஸ் இருக்குது? நீதான் படிச்சவ, சொல்லு" என்றாள்.

நான் படிச்சவதான். எம்.ஏ. தமிழ். கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் அரை மணி நேரம் சாதி ஒழிப்பு பேசுவேன். ஆனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எம்.பி.ஏ. என்பது எங்க இயக்கக்காரர்கள் வாயில் கிட்டத்தட்ட ஒரு கெட்ட வார்த்தை. முதலாளிக்கு மூளையை விற்கிற படிப்பு என்று நானே துண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

"படிச்சிட்டு இதே கம்பெனிக்கு ஹெச்.ஆர். ஆவப் போறியா?" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

"இல்ல சித்தி. நம்ம மெஸ்ஸ பெருசாக்கணும். நம்ம பொம்பளைங்களே நடத்தற மாதிரி, லாபம் அவங்களுக்கே வர்ற மாதிரி. அதுக்குப் பேரு சோசியல் என்ட்ரப்ரனர்ஷிப்பாம். போன்ல பாத்தேன்."

சமூகத் தொழில்முனைவு என்று தமிழில் சொல்கிறார்கள். எங்க அடுப்படியில் நாலு வருசமாக நடந்துகொண்டிருந்த ஒன்றுக்கு இப்படி ஒரு பேர் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

★

முதலில் அந்த மெஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது. 2014 நவம்பரில் மூடிக்கொண்டு போனது. ஒரகடத்தில் கார் கம்பெனி, லாரி கம்பெனி. அப்புறம் எங்க ஊர்ப் பேரிலேயே ஒரு சிப்காட். நிலம் இருந்தவன் நிலத்தை விற்று வாடகை வீடு கட்டினான். நிலம் இல்லாதவன் கான்ட்ராக்ட் லேபர் ஆனான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பையன்கள் வந்து, ஒரு ரூமில் எட்டுப் பேர் பத்துப் பேர் என்று தங்கினார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது அந்தப் பையன்கள் ரூமிலேயே மாட்டிக்கொண்டார்கள். கம்பெனியும் சோறு போடவில்லை, கான்ட்ராக்டரும் போனை எடுக்கவில்லை. எங்க அக்காவும் அக்கம்பக்கத்துப் பெண்கள் அஞ்சு பேரும் ரேஷன் அரிசியைக் கூட்டிப் போட்டு ஆக்கினார்கள். யாரும் ஆக்கச் சொல்லவில்லை. "பசியில கெடக்கறவன் இன்னா சாதின்னு பாத்தா ஆக்கறோம்?" என்றது எங்க ஆயா. ஊரடங்கு முடிந்து வேலை ஆரம்பித்ததும் அந்தப் பையன்களே வந்து, "அக்கா, காசு குடுக்கறோம், தினம் சோறு வேணும்" என்று கேட்டார்கள். அப்படித்தான் மெஸ் ஆரம்பித்தது.

அக்கா மகள் அப்போது பி.காம். இரண்டாம் வருசம். வகுப்பெல்லாம் போனில். ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கணக்கு எழுத ஆரம்பித்தாள். அந்த நோட்டுகள் எல்லாம் இருக்கின்றன. 2024 ஜூலையில் ஒரு நாள் கணக்கை அப்படியே எடுத்து எழுதுகிறேன். 110 சாப்பாடு, ஒன்று 50 ரூபாய், வரவு 5,500. அரிசி, பருப்பு, காய், எண்ணெய் 2,900. கேஸ் 450. ஆட்டோ 300. ஆறு பெண்களுக்கு அரைநாள் கூலி ஆளுக்கு 250, மொத்தம் 1,500. மிச்சம் 350. மாசத்துக்கு 26 நாள் ஆக்கினால் 9,100. அந்த 9,100 யாருக்கும் சொந்தமில்லை. பொதுப் பணம். ஆறு பேரில் யாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும் என்றாலும் அதிலிருந்து வட்டியில்லாமல் எடுத்து, கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வார்கள். இந்தப் பணம் வந்த பிறகு எங்க தெருவுக்குள் கந்துவட்டிக்காரன் பைக் சத்தம் குறைந்தது. இதை நான் பெருமைக்காக எழுதவில்லை. பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

இடையில் ஒன்று நடந்தது. 2022இல் ஊரில் வாடகை வீடு வைத்திருந்தவர்கள் சிலர் பையன்களிடம், "காலனி சோறு வூட்டுக்குள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். ஒரே வாரத்தில் 38 கேரியர் நின்றது. ஒடிசாப் பையன் ஒருவன் வந்து, விசயம் புரியாமல், "அக்கா, சாப்பாடு நல்லாதான் இருக்கு, ஓனர் இன்னாத்துக்குத் திட்றாரு?" என்று கேட்டான். அவனுக்கு எப்படிச் சொல்வது? அக்கா மகள் ஒரு வாரம் யோசித்தாள். அப்புறம் வீட்டுக்கு வீடு கேரியர் கொடுப்பதை நிறுத்திவிட்டு, சிப்காட் ரோட்டில் ஆட்டோவை நிறுத்தி, ஷிப்டு விடுகிற நேரத்துக்கு அங்கேயே விற்க ஆரம்பித்தாள். கடன் கிடையாது, வாரப் பணம் முன்கூட்டியே. மூணு மாசத்தில் போன கணக்கு திரும்பி வந்தது. கான்ட்ராக்ட் முடிந்து சொல்லாமல் ஊருக்குப் போகிறவன் பாக்கி வைத்துவிட்டுப் போகிற நஷ்டமும் நின்றது.

வீட்டுக்குள் வரக்கூடாத சோறு ரோட்டில் நின்று விற்றது. எனக்கு அது ஜெயித்த மாதிரியும் இருந்தது, தோற்ற மாதிரியும் இருந்தது.

★

வாய்ப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, இயக்க நண்பர் ஒருவரின் மகனிடம் போனோம். ஐ.ஐ.எம்.மில் படித்தவர். வேறு சாதி. நல்ல பிள்ளை, பொறுமையாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

பத்தாவதில் 500க்கு 342. அதாவது 68.4 சதவீதம். பன்னிரண்டாவதில் 1,200க்கு 742, 61.8. பி.காம். 64. கைபேசி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் 22 மாசம் வேலை.

"ப்ரொஃபைல் வீக் ஆன்ட்டி" என்றார்.

ஏன் என்று விளக்கினார். கேட் என்கிற நுழைவுத் தேர்வு எழுத, பட்டப் படிப்பில் 50 சதவீதம் போதும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 45. ஆக, எழுதத் தடையில்லை. இரண்டு மணி நேரம். ஆங்கிலம், தர்க்கம், கணக்கு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஆனால் தேர்வு எழுதினால் மட்டும் முடிந்துவிடாது. அகமதாபாத், பெங்களூரு உள்படப் பல ஐ.ஐ.எம்.களில் நேர்காணலுக்குக் கூப்பிடும்போது பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்குக்கும் எடை போடுகிறார்கள். வேலை அனுபவத்துக்கும் எடை உண்டு. அது பட்டம் வாங்கிய பிறகு செய்த முழுநேர வேலையாக, சான்றிதழோடு இருக்கணும்.

"மெஸ் நடத்தறது?" என்று கேட்டாள்.

"ரிஜிஸ்டர் ஆகியிருக்கா? ஆடிட் பண்ண கணக்கு இருக்கா?"

40 பக்க நோட்டு இருக்கிறது.

"சமூக சேவை ஏதாவது? என்.ஜி.ஓ.வில் வாலன்டியர் சர்ட்டிபிகேட் இருந்தா நல்லது. ஊரடங்கு நேரத்துல நிறையப் பேர் அப்படி வாங்கினாங்க."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஊரடங்கில் மூணு மாசம் சோறாக்கிப் போட்டதற்கு அவளிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. கையில் கொதி எண்ணெய் பட்ட தழும்பு ஒன்று இருக்கிறது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பத்தாவது மார்க்கையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் பத்தாவது படித்தது 2015-16. அந்த 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செம்பரம்பாக்கம் திறந்துவிட்டதைப் பற்றிச் சென்னைக்காரர்கள் எழுதினார்கள். செம்பரம்பாக்கத்துக்கு மேலே இருக்கிற ஏரிகளின் கீழே யார் இருந்தார்கள் என்று யார் எழுதினார்கள்? எங்க தெருவில் இடுப்பளவு தண்ணீர். அரையாண்டுத் தேர்வுக்கு வைத்திருந்த அவள் புத்தகம் எல்லாம் ஊறிப் போயிற்று. வெயிலில் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காயவைத்தோம். மார்ச்சில் பரீட்சை எழுதினாள். 342.

அந்த எண் ஒன்பது வருசம் கழித்து ஒரு கணிப்பொறிக்குள் போய் அவளுடைய 'தகுதி' ஆகிறது. மேட்டில் வீடு இருந்த பிள்ளையின் மார்க்கும் பள்ளத்தில் வீடு இருந்த பிள்ளையின் மார்க்கும் அங்கே ஒன்றுதான். 1990இல் மண்டல் குழு அறிக்கையை எதிர்த்து 'தகுதி, திறமை' என்று தெருவில் கத்தினார்களே, அந்தத் தகுதியின் உள்ளே மேடும் பள்ளமும் இருப்பதை எந்த ஃபார்முலா அளக்கிறது?

வேலை அனுபவத்திலும் இதே கதை. 22 மாசமும் அவள் ஒரே லைனில், ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து சோதனை வேலை செய்தாள். ஆனால் கான்ட்ராக்டர் மூணு தடவை மாறினான். அனுபவச் சான்றிதழ் ஒருத்தனும் தரவில்லை. கடைசியில் பி.எஃப். பாஸ்புக்கை இணையத்திலிருந்து எடுத்தோம். அதில் மூணு முதலாளி பேர், நடுவில் இரண்டு மாச இடைவெளி. இந்தப் பக்கத்தில் வேலை செய்கிற தம்பி தங்கைகளுக்கு இதை ஒரு தகவலாகச் சொல்கிறேன்: உங்க யு.ஏ.என். எண்ணையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு நீங்கள் உழைத்தீர்கள் என்பதற்குச் சாட்சி சொல்ல அந்தக் காகிதம்தான் இருக்கும்.

★

அந்தத் தம்பி கடைசியில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "கேட்டகரி இருக்கறதால சான்ஸ் இருக்கு" என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் என்னைக் கேட்டாள்: "கோட்டாவுல போனா கேவலமா சித்தி? இன்னாத்துக்கு அவரு மெதுவா சொன்னாரு?"

ஐ.ஐ.எம்.களில் எஸ்.சி.க்கு 15 சதவீதம், எஸ்.டி.க்கு 7.5. பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 27 சதவீதம், 2006இல் சட்டம் போட்டு 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2019இல் முற்பட்ட சாதியில் ஏழைகள் என்று 10 சதவீதம் வந்தது. அந்தப் பத்தில் போகிற பிள்ளையிடம் யாராவது குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்களா?

அவளுக்கு அண்ணலின் கதையைச் சொன்னேன். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பொருளாதாரம் படித்தார். இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாத ஒன்று: இந்தியா திரும்பிய பிறகு பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்ல ஒரு நிறுவனம் ஆரம்பித்தார். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று. 1918இல் சிடனாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே ஆசிரியர்களுக்கு வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சக ஆசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள்.

கேட்டுவிட்டு அவள், "அவருக்கும் கேரியர் நின்னுச்சா சித்தி?" என்றாள்.

எத்தனை தடவை அம்பேத்கர் ஜெயந்தியில் பேசியிருப்பேன். வணிகம் நடத்தி, சாதியால் வாடிக்கையாளரை இழந்த மனிதராக ஒரு தடவைகூட அவரைச் சொன்னதில்லை. சட்ட மேதை என்போம், புத்தர் என்போம். கணக்கு நோட்டோடு அவரை நாம் பார்த்ததே இல்லை.

★

தேடத் தேட எனக்கும் சில விசயங்கள் தெரிந்தன. பெரிய ஐ.ஐ.எம். மட்டும் இல்லை. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், டிஸ் என்பார்கள், 2007இல் சமூகத் தொழில்முனைவுக்கென்றே ஒரு எம்.ஏ. தொடங்கியது. குஜராத்தில் ஆனந்தில் குரியன் 1979இல் தொடங்கிய ஊரக மேலாண்மைக் கழகம் இருக்கிறது. பால் கூட்டுறவின் மண். 2025இல் கூட்டுறவுப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. நம் மாநிலத்திலேயே அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிற டான்செட் எழுதினால், அரசு ஒதுக்கீட்டில் குறைந்த செலவில் எம்.பி.ஏ. படிக்கலாம். இங்கே 69 சதவீதம்; அதில் எஸ்.சி.க்கு அருந்ததியர் உள்ஒதுக்கீடு சேர்த்து 18.

பாடத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்றும் பார்த்தேன். வங்கதேசத்து யூனுஸ், கிராமீன் வங்கி, 2006இல் நோபல். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியதை ஹார்வர்டில் பாடமாக வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் பிறந்த பிரகலாத் 2004இல் எழுதிய புத்தகம், பிரமிடின் அடியில் இருக்கிற நாலு நூறு கோடி ஏழைகளிடம் பெரிய சந்தை இருக்கிறது என்கிறது. ஆக்ஸ்போர்டில் 2003இலிருந்து இதற்கென்றே ஒரு மையம் நடக்கிறது.

பிரமிடு படத்தை நமக்குப் புதுசாக யாரும் காட்ட வேண்டியதில்லை. படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் வரைந்து காட்டியதும் அதே வடிவம்தான். என் சங்கடம் வேறு. இந்தப் பாடங்களில் நாம் நோயாளியாக வருகிறோம், கடனாளியாக வருகிறோம், வாடிக்கையாளராக, 'பயனாளி'யாக வருகிறோம். கிராமீன் வங்கியில் கடன் வாங்கிய பெண்களே பங்குதாரர்கள் என்பது பெரிய விசயம்தான்; மறுக்கவில்லை. ஆனால் அந்த யோசனையைக் கண்டுபிடித்தவராக, நோட்டைக் கையில் வைத்திருப்பவராக, பாடம் நடத்துபவராக ஒரு சேரிப் பெண் எங்கே வருகிறாள்? பாடம் நடத்துகிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு வேண்டும் என்று 20 ஐ.ஐ.எம்.கள் கேட்டதாக 2020 தொடக்கத்தில் செய்தி வந்தது. டிஸ்ஸில் எஸ்.சி., எஸ்.டி., பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கான கட்டணச் சலுகையை விலக்கியதை எதிர்த்து 2018 பிப்ரவரியில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உள்ளே போனாலும் சண்டை இருக்கிறது என்பதை மறைக்காமல் அவளிடம் சொன்னேன்.

"வெளியே மட்டும் இல்லியா?" என்றாள்.

★

இனி எழுதப் போவது என்னுடைய வெட்கம்.

2024 நவம்பர் 24 அன்று கேட் எழுதினாள். கோச்சிங் கிடையாது. பழைய புத்தகம், போன், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் முழிப்பு. டிசம்பரில் முடிவு வந்தது. மொத்தத்தில் 66 பெர்சன்டைல். கணக்கில்தான் குறைவு, 52. நூற்றுப்பத்துப் பேருக்கு எத்தனை படி அரிசி என்று கேட்டால் நின்ற நிலையில் சொல்கிறவளுக்குக் கணக்கில் 52. ஆனாலும் எஸ்.சி. பட்டியலில் ஒரு நிறுவனத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இன்னொரு நிறுவனம், உன்னைப் பற்றியும் உன் நோக்கத்தைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பு என்றது.

"நீ எழுத்தாளர் இல்ல? பாத்துக் குடு சித்தி" என்று அவள் எழுதியதை என்னிடம் கொடுத்தாள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினேன். நல்ல தமிழில் எழுதி, நண்பர் ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் மாற்றி வாங்கினேன். அழகாக இருந்தது.

அவள் படித்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதுல நான் எங்க சித்தி இருக்கேன்?" என்றாள்.

அவள் எழுதியதையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் 'காலனி' என்று எழுதிய இடத்தில் எல்லாம் நான் 'கிராமப்புறக் குடியிருப்பு' என்று எழுதியிருந்தேன். 'காலனி சோறு வரக்கூடாதுன்னு சொன்னாங்க' என்பதை 'சில சமூகத் தடைகளை எதிர்கொண்டோம்' என்று மாற்றியிருந்தேன். 'ஞாயித்துக்கிழமை பெரிய கறி பிரியாணி போடுவோம், அன்னைக்குத்தான் விற்பனை அதிகம்' என்பது என் கையில் 'சத்தான உணவு' ஆகியிருந்தது. அம்மா கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர் என்ற வரியை எடுத்தே விட்டேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தலித் பத்திரிகைகளில் எழுதுகிறவள் நான். நம் மொழியை நாமே எழுத வேண்டும், கொச்சை என்று எவன் சொன்னாலும் கவலைப்படக்கூடாது என்று மேடையில் சொல்கிறவள். ஒரு பெரிய நிறுவனத்தின் வாசல் என்றதும் என் கை தானாக எங்க தெருவை அழித்துவிட்டது. அந்தப் பயம் எங்கே இருந்தது? கல்லூரியில் என் முதல் வருசத்தில், ஊர் எது என்று கேட்டவர்களிடம் ஸ்ரீபெரும்புதூர் என்று மட்டும் சொல்லி, பிள்ளைப்பாக்கத்தில் எந்தப் பக்கம் என்ற அடுத்த கேள்வி வராமல் பார்த்துக்கொண்டேனே, அங்கேயே இருந்திருக்கிறது.

அதே 2025இல், ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இழிவைத் துடைக்கச் சொல்லை எடுப்பது வேறு. நான் ஜனவரியில் செய்தது வேறு. நான் ஆளையே எடுத்துவிட்டேன்.

அவள் தன்னுடைய பழைய தாளையே, தப்பு இருந்த ஆங்கிலத்தை மட்டும் சரி செய்து அனுப்பினாள். பெரிய கறியும் அதில் இருந்தது.

★

மார்ச்சில் நேர்காணல். மூணு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஒருவர், "உங்க மெஸ்ஸுக்குப் பெரிய ரிஸ்க் எது? விலைவாசியா, போட்டியா?" என்று கேட்டார். இவள், "சாதி சார்" என்றாள். 38 கேரியர் நின்றதையும் ஆட்டோ நிறுத்தியதையும் சொன்னாள். ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டார். இன்னொருவர், "நல்லாத்தானே நடக்குது, அப்புறம் எம்.பி.ஏ. எதுக்கு? அங்கேயே இருக்கலாமே?" என்று கேட்டாராம்.

எனக்கு இந்தக் கேள்வி பழக்கமான கேள்வி. அங்கேயே இருக்கலாமே. ஆனால் அவள் கோபப்படவில்லை.

"110 சாப்பாட்டுக்கு மேல போனா எனக்கு எங்க தப்பு வரும்னு தெரியல சார்" என்றிருக்கிறாள். அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டப்படி 250 பேருக்கு மேல் வேலை செய்கிற கம்பெனியில் கேன்டீன் இருக்க வேண்டியிருந்தது. எங்களைச் சுற்றி அப்படி எத்தனை கம்பெனி! டெண்டர் கேட்கப் போனால் மூணு வருச ஆடிட் கணக்கு, முன்பணம், உரிமம் என்கிறார்கள். எங்க வரவு வருசத்துக்கு 17 லட்சத்தைத் தாண்டுகிறது. அப்போதைய விதிப்படி, 12 லட்சத்தைத் தாண்டியபோதே சாதாரணப் பதிவு போதாது, உணவுப் பாதுகாப்புத் துறையின் மாநில உரிமம் எடுத்திருக்க வேண்டும் என்பதுகூட எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கம்பெனியாகப் பதிவு செய்தால் ஆறு பெண்களும் பங்குதாரர் ஆக முடியுமா, கூட்டுறவா, சுயஉதவிக் குழுவா? தாட்கோ வழியாகவோ, 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடித் திட்டத்திலோ 35 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் திட்ட அறிக்கை எழுதத் தெரிந்தவனுக்குத்தான் மானியம் எட்டும். "இதெல்லாம் நான் கத்துக்கணும். தெரிஞ்சவங்கள சம்பளத்துக்கு வெச்சா நோட்டு அவங்க கைக்குப் போயிடும்." இவ்வளவும் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொல்லியிருக்கிறாள்.

காத்திருப்போர் பட்டியலில் பேர் வந்தது. கூடவே பணப் பிரச்சினை. இரண்டு வருசத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் வாங்குகிற ஐ.ஐ.எம்.கள் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கிற எஸ்.சி. மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகை இருக்கிறது, ஒவ்வொரு நிறுவனத்திலும் இத்தனை பேர் என்று அளவோடு. மிச்சத்துக்கு வங்கி. அக்காவுக்குக் கடன் என்றாலே உடம்பு நடுங்கும். "ஈடு வெக்க இன்னா இருக்குது நம்மகிட்ட?" என்றாள். 2024இல் வந்த வித்யாலட்சுமி திட்டத்தில் பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு ஈடு வேண்டாம் என்று விளக்கினேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கலெக்டராக இருந்த திரமென்கீர் எழுதிய அறிக்கையால்தான் 1892இல் நம் மக்களுக்குப் பஞ்சமி நிலம் கிடைத்தது. அந்த நிலம் இன்றைக்கு யார் பேரில் இருக்கிறது? 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்களே, அவர்கள் கேட்டது உழவு நிலம் மட்டுமா? ஒரு பெண் படிக்கப் போகும்போது, வங்கி வாசலில் நடுங்காமல் நிற்பதற்கான கால்மண்ணையும்தான் கேட்டார்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

★

2025இல் பட்டியல் அவள் எண் வரைக்கும் நகரவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூணாம் நாள் ஆக்க வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் ஒரு வேலை செய்தாள். நான் போயிட்டா நோட்டு யாரு எழுதுவா என்று கேட்டு, தன் அம்மாவுக்கும் இன்னொரு அக்காவுக்கும் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். கையெழுத்து மட்டும் தெரிந்த எங்க அக்கா ஆறு மாசத்தில் அரிசி, எண்ணெய், கேஸ் என்று எழுதப் படித்தது. எழுத்து கோணல். கூட்டல் சரி.

2025 நவம்பர் 30, மறுபடியும் கேட். சாயங்காலம் தேர்வு மையத்திலிருந்து நேராக வந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பாரைக் கிளறினாள். கணக்குப் பகுதியில் போன தடவையைவிட நாலு கேள்வி கூடப் போட்டேன் என்றாள். அப்புறம் பழைய கேள்வியைக் கேட்டாள்.

"இப்ப சொல்லு சித்தி, எனக்கு எவ்ளோ சான்ஸ்?"

நான் இந்த ஒன்றரை வருசத்தில் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். மேலே இருக்கிற மூணு நாலு ஐ.ஐ.எம்.மில் உன் பத்தாவது மார்க் உன்னைத் தள்ளும். புதுசா வந்ததில் வாய்ப்பு உண்டு. டிஸ், ஆனந்த், டான்செட் மூணுக்கும் போடு. நம்ம ஒதுக்கீடு நம்ம உரிமை, நிமிந்து போ. பெரிய கறியை எங்கேயும் அழிக்காதே. எந்த இடமும் கிடைக்கவில்லை என்றால் அது உன் தகுதிக் குறைவு என்று நினைக்காதே. அவங்க தராசில் வைக்க இடமில்லாத சாமான் உன்கிட்ட நிறைய இருக்கு.

அவள் சிரித்தாள். "மேடையில பேசற மாதிரியே பேசற" என்றாள்.

திண்ணையில் அக்கா நோட்டை விரித்து வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது. "ஏ, ரெண்டு பேரும் பேசனது போதும், இங்க வாங்க" என்று கூப்பிட்டது. "நூத்திப் பத்துன்னு ஆட்டோல ஏத்துனோம். நூத்தி ஆறுக்குத்தான் காசு வந்துக்கீது. நாலு சாப்பாடு எங்க?"